வயர் கடிக்கும் சாலமோன்

செம்பாக்கத்தில் நான் எலக்ட்ரிகல் கடை வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் எலக்ட்ரீஷியன் சாலமோன் என் கடையில் வாங்காத சாமான் ஒன்றே ஒன்றுதான். வயரின் மேல்தோலை உரிக்கிற ஸ்ட்ரிப்பர். கர்த்தர் வாயிலேயே ஒன்று வைத்து அனுப்பியிருக்கும்போது கடையில் இன்னொன்று எதற்கு என்பான். வயரை முன்பற்களுக்கு நடுவே கொடுத்து, விரலால் ஒரு சுற்று சுற்றி, தலையை லேசாகப் பின்னுக்கு இழுப்பான். தோல் கழன்று வாயோடு வரும். அதைத் துப்பிவிட்டு அடுத்த வயரை எடுப்பான். அவன் வேலை செய்த வீட்டைப் பெருக்கினால் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று குட்டிக் குட்டிக் குழல்கள் முறம் நிறையக் கிடைக்கும்.

இருபத்தைந்து வருஷம் இப்படிக் கடித்ததில் மேல்வரிசை முன்பல் இரண்டிலும் அரைவட்டமாகப் பள்ளம் விழுந்துவிட்டது. மற்றவனாக இருந்தால் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான். சாலமோன் உதட்டைத் தூக்கிக் காட்டுவான். இடது பள்ளம் ஒன்றரை ஸ்கொயர் கனமுள்ள வயருக்காம், வலது பள்ளம் இரண்டரைக்காம். வயர் போலியா ஒரிஜினலா என்பதைக்கூட நாக்கில் பட்டதும் சொல்லிவிடுவதாக ஒரு பீற்றல் வேறு. ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். தப்பாகச் சொன்னான். அன்றைக்கு ஜலதோஷம் என்றான்.

இவ்வளவு உழைக்கிற பல்லுக்கு அவன் செய்கிற பராமரிப்பு என்ன என்று கேட்டால் வயிறு எரியும். காலையில் போனைப் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு. ராத்திரியில் பல் தேய்ப்பது பணக்காரன் வழக்கம் என்பது அவன் கட்சி. பிரஷ்ஷின் நார் எல்லாம் நாலு திசையிலும் படுத்துவிட்ட பிறகும் அதை விடமாட்டான். அவன் பெண்டாட்டி ஏஞ்சல் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவனுக்குத் தெரியாமல் அதை எடுத்து ஃபேன் இறக்கையைத் துடைத்தாள். அவனும் தெரியாமல் மறுநாள் அதிலேயே பல் தேய்த்தான். ஒரு நாளைக்கு ஒன்பது டீ, ஒன்றுக்காவது வாய் கொப்பளிக்கிற பழக்கம் கிடையாது.

நான் மட்டும் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டைப்பையில் பல் தேய்க்கிற மிஸ்வாக் குச்சி வைத்திருக்கிற தைரியத்தில் ஊருக்கெல்லாம் பல் உபதேசம் செய்துகொண்டிருந்தவன்தான். பல் டாக்டருக்குப் படித்து முடித்த என் மகள் ரூக்சார், ஒருநாள் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, கடைவாயில் இருப்பது பல்லா பாறையா என்று கேட்டாள். அன்றோடு உபதேசத்தை நிறுத்தினேன்.

சாலமோனின் பல்லுக்கு முதல் அடி போன கிறிஸ்துமஸில் விழுந்தது. சர்ச் வாசலில் நட்சத்திரம் கட்ட ஏணியில் நின்றபடி ஒரு தடித்த கேபிளைக் கடித்திருக்கிறான். கேபிள் அசையவில்லை, பல்தான் அசைந்தது. வலது முன்பல்லில் ஒரு சில்லு உடைந்து, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பாஸ்டரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. பாஸ்டர் பல்லி என்று நினைத்துத் துள்ளினார். ஏணி ஆடியது. சாலமோன் கீழே இறங்கி, அந்தச் சில்லை அரைமணி நேரம் தேடினானாம். எதற்கு என்று கேட்டேன், ஒட்ட வைக்கலாமே என்றான்.

பிப்ரவரியில், கடைக்கு மேல் மாடியில் ரூக்சாருக்குக் கிளினிக் கட்டினேன். வயரிங் சாலமோன்தான், என் கடையில் வயர் வாங்குகிற எலக்ட்ரீஷியன் அவன் ஒருவன்தானே. பல் பார்க்கிற நாற்காலிக்கு லைன் இழுத்துக்கொண்டிருந்த அன்று அவள் மாடி ஏறி வந்தாள். பல் நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து ஒரு மனிதன் பல்லால் வயர் கடிப்பதைப் பார்த்தால் பல் டாக்டருக்கு எப்படி இருக்கும்? என் மகள் கையிலிருந்த ஃபைலைக் கீழே போட்டாள். பல்லின் மேல்பூச்சு ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது, விரிசல் வேர் வரைக்கும் போகும், பல் சாப்பிடுவதற்கு மட்டும்தான், பாட்டில் மூடி திறக்கவோ நூல் அறுக்கவோ வயர் உரிக்கவோ இல்லை என்று மூச்சு விடாமல் பேசினாள். வாயைத் திறவுங்கள், பார்க்கிறேன் என்றாள். அதுவரை உதட்டைத் தூக்கி ஊருக்கே காட்டியவன், அவளிடம் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

“பாப்பா, கரண்ட்ல கைய வெக்கிறவன் நானு. எனக்கு ஊசின்னா மட்டும் ஆவாது,” என்றான்.

அப்போதே அந்தச் சில்லு உடைந்த பல் வலித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும், என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். கிராம்பு வைத்தான், உப்புத் தண்ணீர் கொப்பளித்தான், கொஞ்ச நாள் பிராந்தியில் கொப்பளித்துத் துப்பாமல் விட்டான். மெடிக்கலில் பேர் தெரியாத வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். பல்லில் குழி விழுந்து சோறு மாட்ட ஆரம்பித்தது. அதைக் குத்தி எடுக்க அவன் பயன்படுத்தியது கரண்ட் பார்க்கிற டெஸ்டர். ரூக்சாரின் கிளினிக் ஏப்ரலில் திறந்து, சேலையூரிலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து போகத் தொடங்கிவிட்டார்கள். அவன் மட்டும் என் கடைக்கு வந்தால் மாடிப்படி இருக்கிற பக்கமே திரும்பமாட்டான்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை வந்து, பைப் ஒழுகலை அடைக்கிற பிசின் மாவு ஒன்று கேட்டான். வெள்ளையும் கறுப்புமாக இரண்டு உருண்டை, பிசைந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். எங்கே ஒழுகுகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தேன். அவன் வீட்டுக்குப் போய், கண்ணாடி முன்னால் நின்று, மாவைப் பிசைந்து பல்லின் குழியை அடைத்துவிட்டான்.

ஓட்டை வழியாக இத்தனை நாள் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்த சீழுக்கு இப்போது வழி இல்லை. அது மேலே ஏறியது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஜும்மாவுக்குக் கடையைச் சீக்கிரம் மூடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஏஞ்சல் அவனை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். ஒரு பக்கக் கன்னமும் உதடும் வீங்கி, வலது கண் பாதி மூடியிருந்தது. காய்ச்சல் அனலாக அடித்தது. விஷயத்தைக் கேட்டதும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அதை மறைக்கமாட்டேன். பிறகு அந்தக் கண்ணைப் பார்த்தேன். நான் கொடுத்த மாவு என்று நினைத்ததும் ஷட்டரை இழுத்துவிட்டு, ஏஞ்சலும் நானுமாக அவனை மாடிக்கு ஏற்றினோம்.

ரூக்சார் பார்த்த மாத்திரத்தில் கையுறையை மாட்டினாள். சீழ் கண்ணுக்குப் போய்விட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், அதற்கு மேலே போனால் ஆளே போய்விடுவார், ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது என்றாள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். சாலமோன் நகரவில்லை. ஏஞ்சல் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன். வீங்கிய முகத்தோடு கதவுச் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊசிக்குப் பயம் என்று நினைத்து நான் கன்னாபின்னாவென்று திட்டினேன். நாற்பத்தைந்து வயசு ஆள், தடுப்பூசிக் குழந்தை மாதிரி நிற்கிறாயே, உனக்கு வெட்கமே கிடையாதா என்றேன்.

“ஊசிக்கு இல்ல பாய்,” என்றான். உதடு வீங்கியிருந்ததால் சொல் குழைந்து வந்தது. “அந்த சேருக்கு எர்த் குடுக்கல நானு.”

சிவப்பு வயரிலும் கறுப்பு வயரிலும் கரண்ட் வந்து போகும். எர்த் என்பது மூன்றாவதான பச்சை வயர். மிஷினில் எங்காவது கரண்ட் கசிந்தால் அதைப் பூமிக்கு அனுப்பி ஆளைக் காப்பாற்றுவது அதுதான். அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், மோட்டார் ஓடும். அதனால் அது இல்லாதது யாருக்கும் தெரியாது, யாராவது தூக்கி எறியப்படுகிற வரைக்கும்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“பல்லு வலி பாய். ரெண்டு வயர் கடிக்கிறதுக்குள்ள உசுரு பூடுது. மூணாவது கடிக்க முடில. அப்பால வந்து குடுத்துக்கலாம்னு வுட்டேன்.”

ரூக்சார் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு மாதமாகவே, ஈரக் கையோடு நாற்காலியைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு ரத்தம் இல்லை என்று முடிவு செய்து, நாங்கள் பேரீச்சம்பழமும் ஈரலும் ஊட்டிக்கொண்டிருந்தோம். தினமும் பத்துப் பதினைந்து பேர் வாயில் தண்ணீரோடு அந்த நாற்காலியில் படுத்து எழுந்திருக்கிறார்கள். அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அந்த முகத்தில் அடிக்க இடம் இல்லை.

“அத்தா, மெயினை ஆஃப் பண்ணுங்க. அப்புறமா அடிச்சுக்கலாம்,” என்றாள் ரூக்சார்.

மெயினை அணைத்தேன். அத்தனை லட்சத்து நாற்காலி சும்மா நிற்க, சாலமோனை ஜன்னலோரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து, தலையைச் சுவரோடு சாய்த்து, என்னை போன் டார்ச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். விரிசல் வேர் வரைக்கும் போயிருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து பத்து நாளில் வந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம், இனி எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொன்னாள். ஊசி போட்டபோது அவன் என் லுங்கியைப் பிடித்த பிடியில் முடிச்சு அவிழப் பார்த்தது. இடக்கையால் லுங்கியையும் வலக்கையால் டார்ச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பல் பிசினோடு சேர்ந்து ஒரே கட்டியாக வந்தது. பின்னாலேயே சீழும் ரத்தமும் வந்தன. அந்த நாற்றத்தை நான் விவரிக்கப் போவதில்லை, நீங்களும் சாப்பிட வேண்டும் இல்லையா. கால் மணி நேரத்தில் அவன் வலது கண் கொஞ்சம் திறந்தது. ஏஞ்சல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசக் கூடாது, மாத்திரையை ஐந்து நாளும் விடாமல் சாப்பிட வேண்டும், மறுபக்கத்துப் பல்லையும் திங்கட்கிழமை வந்து காட்ட வேண்டும், இனிமேல் ராத்திரியும் பிரஷ் என்று ரூக்சார் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பல் வலி கிறிஸ்துமஸிலிருந்து. அவன் வேலை செய்தது இந்த ஒரு மாடியில் மட்டும் இல்லையே.

வேறு எங்கெல்லாம் பச்சை வயர் கொடுக்கவில்லை என்று கேட்டேன். பஞ்சு வாயில் இருந்ததால் பேனாவுக்குக் கை நீட்டினான். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான், எழுதிக்கொண்டே இருந்தான். எட்டிப் பார்த்தேன். முதல் வரியில், ‘பாய் வூடு, பாத்ரூம் கீசர்’ என்று இருந்தது. ஜனவரியில் அதை மாட்டியது அவன்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துக்கு முன்னால்தான் என் மனைவி சபீஹா தலைக்குக் குளிப்பாள். செருப்பு போடாமல் ஓடினேன். இரண்டு தெரு. ஓடிக்கொண்டே அவளுக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக ஊருக்கு வயர் விற்றவன், தன் வீட்டு கீசர் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. அல்லாவைத் தவிர வேறு பெயர் வாயில் வரவில்லை. கதவைத் தட்டினேன். சபீஹா காய்ந்த தலையோடு வந்து திறந்து, டேங்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மோட்டார் போடக்கூட ஆள் இல்லாத வீடு என்று கத்தினாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவள் திட்டியது எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. மெயினை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பச்சை வயர் எடுக்கக் கடைக்குத் திரும்பினேன். சாலமோன் சீட்டோடு வாசலில் நின்றிருந்தான். மொத்தம் இருபத்து மூன்று வீடு எழுதியிருந்தான். வழியெல்லாம் அவனுக்காகச் சேர்த்து வைத்த திட்டு என் நாக்கு நுனியில் இருந்தது. ஷட்டரைத் தூக்கி, வயர் அடுக்குக்குப் போனேன்.

சிவப்புத் தட்டில் ஒரு சுருள் மீதி இருந்தது. கறுப்புத் தட்டு காலி. பச்சை மட்டும் மேல்கூரை முட்ட அடுக்கியிருந்தது, ஜனவரியில் இறக்கியது அப்படியே, மேலே விரல் கனத்துக்குத் தூசி. ஆறு மாதமாக அவன் வந்து சிவப்பும் கறுப்பும் மட்டும் கேட்டு வாங்கிப் போனான். நானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.