குங்குமம் வைத்த நான்கு இறக்கைகள்

தேவராஜின் விரல்களை அறுத்த இறக்கைகளை அந்த ட்ரோனில் மாட்டியவன் நான். அவனல்ல. மூன்று வருடங்களாக எல்லோரும் அவன்தான் என்று நம்புகிறார்கள்... அவனும் நம்புகிறான்!

இதை எந்தச் சாமியிடமும் நான் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் என் வீட்டுக்கு வந்து பழகியவர்கள் அல்ல. நாளை வராமல் போனாலும் எனக்கு நஷ்டமில்லை.

தேவராஜும் நானும் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது. நாங்கள் ஈப்போ பக்கம் மாறிவந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, சின்னப் பிள்ளைகள் போல ஆசைப்பட்டு, இருவரும் சேர்ந்து ஒரு ட்ரோன் வாங்கினோம். கல்யாணம், தேர், செம்பனைக் காடு என்று மேலிருந்து படம் எடுத்துக் கொடுத்தோம். பறக்கவிடுவது அவன். பை தூக்குவது நான்.

எனக்குக் குடும்பம் இல்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயில் தனி வீடு. ட்ரோனும் பேட்டரிகளும் என் வீட்டில்தான் இருக்கும். அதை எடுக்கவும் வைக்கவும் வாரத்தில் நான்கு நாளாவது அவன் வருவான். அந்த ஏற்பாட்டைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவன் நானே. ஏனென்று உங்களுக்கு விளங்கும்.

வீட்டுக்குள் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதென்றால் முதலில் இறக்கைகளைக் கழற்றிவிட வேண்டும். அது தேவராஜின் சட்டம். இறக்கை இல்லாவிட்டால் அது சும்மா சத்தம் போடுகிற சாமான், இருந்தால் நாலு கத்தி என்பான்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் மாலை வந்தான். ஒரு மோட்டாரில் கரகரப்பு இருப்பதாகச் சொல்லி, நான்கு இறக்கைகளையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தான். நாளைக்குப் பூசை முடிந்ததும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லிப் போய்விட்டான். அவன் கழற்றியதை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை சாமி படத்துக்கு முன் வாழையிலை விரித்து ட்ரோனை வைத்தேன். மொட்டையாகத் தெரிந்தது. படையலுக்கு வைக்கும் பொருளைக் குறையோடு வைப்பதா? தோட்டத்து ரப்பர் ஆலையில் ஆயுத பூசை என்றால், கழன்று கிடந்த ஆணியைக்கூட முடுக்கிய பிறகுதான் பொட்டு வைப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த புத்தி... டப்பாவைத் திறந்து நான்கையும் மாட்டினேன். அவை மடங்கும் வகை; ட்ரோனோடு ஒட்டி மடித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். மேலே மல்லிகைச் சரம் போட்டேன். கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

அவன் வருவதற்குள் கழற்றிவிட நினைத்தேனா? நினைத்தேன். கழற்றினேனா? இல்லை. அடுப்பில் சுண்டல் வெந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் போனவன் இதை மறந்தேன். இவ்வளவுதான் நடந்தது!

தேவராஜ் வந்தான். சூடம் காட்டினோம். அறையெல்லாம் புகை. பூசை போட்ட இயந்திரம் ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். கட்டுப்பாட்டுக் கருவியை என்னிடம் கொடுத்தான். தானே கழற்றியதை மறுபடி யார் தேடிப் பார்ப்பார்கள்? பூச்சரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, கரகரத்த மோட்டாரின் அருகே வலக்கை விரல்களை வைத்து, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தான். மோட்டாரின் நோயை விரலாலும் காதாலும் கண்டுபிடிப்பது அவன் பழக்கம்.

"போடு மச்சான்" என்றான்.

போட்டேன்.

ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் நரம்பு அறுந்துபோயிற்று. தைத்தார்கள். ஆனால் அவை இன்றுவரை மடங்குவதில்லை.

என் குற்றம் அதுவல்ல. அது தவறு, மறதி... எவனுக்கும் வரலாம். குற்றம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது. தேவராஜின் மனைவி பத்மா, அழுத கண்ணோடு என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, அவரு கழட்டிட்டேன்னு சொல்றாரு. றெக்கைய யாருண்ணே மாட்டுனது?"

அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வீட்டு வாசல்தான். தீபாவளிக்கு எனக்கு இலை போடும் ஒரே வீடு. என்னை அண்ணே என்று கூப்பிடும் ஒரே வாய். அந்தக் கதவு சாத்திக்கொள்ளுமோ என்று பயந்தேன்.

"தெரியலம்மா. காலையில நான் பொட்டு வைக்கும்போதே றெக்கை இருந்துச்சு" என்றேன்.

குங்குமம் சாட்சி! பொட்டு வைத்த இறக்கைகள் என் பொய்க்கு எவ்வளவு பொருத்தமாகப் பேசின, பார்த்தீர்களா?

உள்ளே கட்டோடு படுத்திருந்த தேவராஜிடம் பத்மா அதைப் போய்ச் சொன்னாள்; நானும் பின்னால் போனேன். அவன் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "அப்ப நானே திரும்ப மாட்டிட்டுத்தான் போயிருக்கேன்லா. எனக்கு ஞாபகமே இல்ல மச்சான்."

அவனுடைய அம்மா அறுபது வயதில் எல்லாவற்றையும் மறந்தவர். கடைசியில் பெற்ற மகனையே யாரப்பா நீ என்று கேட்டவர். தேவராஜுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அவன் முகத்தில் அன்று நான் கண்டது வலி அல்ல, பயம். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை... நான் மனிதன்தானா?

அதன் பிறகு அவன் ட்ரோனைத் தொடவில்லை. மோட்டார் சைக்கிளை விற்றான். டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம். அம்மாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள் என்றானாம். அடுப்பை அணைத்தோமா என்று நான்கு முறை எழுந்து பார்க்கிறான் என்று பத்மா சொன்னாள். போன வருடம் இருவரும் தஞ்சோங் மாலிமுக்கு, கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன் வீட்டுக்கே போய்விட்டார்கள். எந்த வாசலுக்காகப் பொய் சொன்னேனோ, அந்த வாசலில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

ட்ரோன் என்னிடம் இருக்கிறது. எனக்குப் பறக்கவிடத் தெரியாது. சில மாலைகளில் இறக்கையைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் மோட்டாரை மட்டும் ஓட்டுவேன். வீட்டுக்குள் இருப்பதால், இடம் தெரியவில்லை, கவனம் என்று அதோடு இணைத்த கைப்பேசியிலிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எச்சரிக்கும். என் வீட்டில் என்னிடம் பேசும் குரல் அது ஒன்றுதான்.

போன மாதம் தபாலில் ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. தேவராஜ் அனுப்பியது. இடக்கையால் எழுதிய கோணல் எழுத்து. எல்லாம் மறந்துபோவதற்குள் எனக்காக எழுதி வைத்தானாம்!

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து போட்டு வைக்காதே, முழுதாகத் தீரவும் விடாதே, பாதியில் வை. பறந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடாதே. சார்ஜ் ஏறும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போகாதே. வீங்கிய பேட்டரியைக் குத்தாதே, அமுக்காதே. வெளியே சிமெண்டுத் தரையில் தனியாக வைத்து, அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடு. இறக்கையில்லாமல் மோட்டாரை ரொம்ப நேரம் ஓட்டாதே.

முதல் வரி என்ன தெரியுமா? வீட்டுக்குள் இறக்கையைக் கழற்று. அதன் கீழே இரண்டு கோடு.

அவன் சொன்னபடியே செய்கிறேன். மூன்று பேட்டரிகளும் பாதியில் நிற்கின்றன. ஒன்று லேசாக வீங்கியிருந்தது. வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அவன் எண்ணைக் கைப்பேசியில் அழுத்தி, மணி அடிக்குமுன் துண்டித்தும்விட்டேன். ஒரு தடவை அல்ல...

கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "சந்தேகம் வந்தா என்னைக் கேக்காத மச்சான். நான் சொல்றது தப்பா இருக்கும். உன் ஞாபகத்தையே நம்பு."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாம். அந்த நான்கு பொட்டுகளையும் எந்த விரலால் வைத்தேன் என்பதுவரை.