கம்பளிக்குள் போன ஊசி

பிள்ளைகளே, தைத்து முடித்ததும் நான் ஊசிகளை எண்ணி, எண்ணியதையே திரும்ப எண்ணுவதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் கண்சாடை காட்டிச் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இப்போது நீங்களும் என் டப்பாவிலிருந்து ஊசி எடுத்துப் பொம்மைக்குச் சட்டை தைக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துப் படியுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் சாக்கின் வாய் தைத்துப் பழகிய கை என்னுடையது. அது எப்படியோ துண்டுத் துணிகளை ஒட்டி விரிப்புத் தைக்கும் ஆசையாக மாறிவிட்டது. உங்கள் அம்மாவின் கிழிந்த சேலை, உங்கள் பழைய வெள்ளை யூனிபோம், எதைப் பார்த்தாலும் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம் என்றுதான் மனசு ஓடும். "தையல் டீச்சர் வந்தாச்சா?" என்று வேலையில் கேலி பண்ணுவார்கள். எனக்கு உறைக்காது.

ஹாலிஎலயில் உங்கள் அத்தை மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் அதற்கும் ஒன்று தைத்தேன். குளிர் தாங்க, நடுவில் பழைய கம்பளி ஒன்றை வைத்தேன். மூன்று அடுக்கும் நகராமலிருக்க ஊசிகளையே அங்கங்கே குத்தி வைத்து, தைத்துக்கொண்டே வந்து ஒவ்வொன்றாக உருவினேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செவ்வாய் காலை, சட்டைப் பொத்தான் தைக்க டப்பாவைத் திறந்தால் பன்னிரண்டு ஊசியில் பதினொன்றுதான் இருந்தது.

"சட்டையில குத்தியிருப்பீங்க, பாருங்க," என்றார் உங்கள் அம்மா.

சட்டையில் இல்லை. பாயிலும் இல்லை. ஹாலிஎல வீட்டுக்குப் போன் அடித்தேன். மூன்று தடவையும் மணி அடித்து நின்றது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. ஒரு மாதப் பிள்ளை. குத்தினால் அழத்தான் தெரியும்.

தொழிற்சாலையில் தூளோடு ஆணி, கம்பித்துண்டு போய்விடாமல் இழுத்தெடுக்கக் காந்தம் வைத்திருப்போம். பழையது ஒன்று சும்மா கிடந்தது. நேரே தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயாவிடம் போனேன்.

"ஐயா, இன்னைக்கு லீவு வேணுங்க. அந்தப் பழைய காந்தமும் வேணும்."

"காந்தத்த வச்சு என்ன பண்ணப் போற?"

சொன்னேன். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதர், அன்று சிரிக்கவில்லை. "சீக்கிரம் போ. நாளைக்குக் கொண்டாந்திரு," என்றார்.

பதுளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மடியில் காந்தம் கனத்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் அவசரமே இல்லாமல் ஆறுதலாக ஏறினார்கள். அவர்களைத் திட்டத் தோன்றியது.

போனபோது பிள்ளை அந்த விரிப்பின்மேல்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா. போன் சத்தத்துக்கு முழிச்சிக்குவான்னு சத்தத்த நிப்பாட்டி வச்சேன்," என்றாள் உங்கள் அத்தை மகள். "ராத்திரியெல்லாம் ஒரே அழுகை, இப்பதான் கண்ண மூடினான்."

ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போச்சு என்று பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்கிறேன்.

"புள்ளயத் தூக்கும்மா. உள்ள ஊசி இருக்கோன்னு பயமா இருக்கு."

அவள் உடனே தூக்கினாள். காந்தத்தை ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தேன். ஒரு தடவை ஒன்றுமில்லை. குறுக்கே இழுத்தபோது, நீலத் துண்டுக்குப் பக்கத்தில் துணி எழும்பிக் காந்தத்தோடு ஒட்டியது. கையால் தடவியிருந்தால் கம்பளியின் தடிப்பில் தெரிந்தே இருக்காது. தையலைப் பிரித்து ஊசியை உருவினேன்.

அவள் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, முதுகையும் காலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு புள்ளியும் இல்லை.

"அப்ப அழுதது வயித்துக்குத்தான் மாமா," என்றாள். என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஆனால் விரிப்பை மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தன் சேலையில் கிடத்தினாள்.

"வேணாம்னா எடுத்துட்டுப் போறேம்மா."

"இருக்கட்டும் மாமா. கொஞ்சம் பெரியவனாகட்டும்."

வழியெல்லாம் அந்த மேல்தட்டுதான் கண்ணில் நின்றது. பிரித்த தையலைத் திரும்பப் போடக்கூட இல்லை என்பது பதுளை வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் அம்மாவோடு தண்ணிப் பீலிக்குக் குளிக்கப் போயிருந்தீர்கள். நான்கு வருஷமாக நீங்கள் படுக்கிற விரிப்பும் நான் தைத்ததுதானே. அதை எடுத்துத் தரையில் விரித்து, காந்தத்தை நீளத்திலும் அகலத்திலும் இழுத்தேன். எதுவும் ஒட்டவில்லை. அதற்கும் மனசு ஆறவில்லை. கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் முதுகோடு அதன்மேல் படுத்தேன். மூத்த பிள்ளை படுக்கிற பக்கம் ஒரு தரம், தங்கச்சி படுக்கிற பக்கம் ஒரு தரம், அழுத்தி அழுத்திப் புரண்டேன்.