கன்னியம்மாள் நம்பாத பள்ளிக்கூடம்

குருசுக்குப்பத்தில் கன்னியம்மாளை ஏமாற்றப் பிறந்தவன் யாருமில்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். பார்த்த பிறகு மோந்தும் பார்ப்பாள். யாராவது சும்மா சிரித்தால், எதற்குச் சிரித்தார்கள் என்று வீட்டுக்கு வரும்வரை யோசித்துக்கொண்டே வருவாள். அப்படிப்பட்டவளின் வாசலில், எண்பத்தொன்றாம் வருஷம் பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்தில், செல்வாம்பாள் என்ற டீச்சர் வந்து நின்றாள்.

"உங்க பொண்ண எங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கம்மா."

கன்னியம்மாள் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பெண் சந்திரகலாவுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது, பேச்சும் வரவில்லை. ஐந்து வயதில் தலை பின்னிப் பூ வைத்து இதே பள்ளிக்கூடத்துக்குத்தான் அழைத்துப் போனாள். தலைமையாசிரியர் பிரம்பால் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பிள்ளை திரும்பவில்லை. "ஊமைப் பொண்ண உக்கார வச்சி நான் இன்னா பண்றது? கூட்டிக்கினு போ" என்று சொல்லிவிட்டார்.

"அன்னிக்குத் தொரத்துனீங்க. இன்னிக்கு வூடு தேடி வர்றீங்க. இன்னா சங்கதி?"

"இது ஊனமுற்றோர் ஆண்டும்மா. இந்தப் பிள்ளைங்களும் மத்தப் பிள்ளைங்களோட ஒண்ணா உக்காந்து படிக்கணும்னு திட்டம் வந்திருக்கு. நான் இதுக்குன்னே மெட்ராஸ்ல பயிற்சி எடுத்துட்டு வந்திருக்கேன்."

"ஆண்டு முடிஞ்சா?"

"என்னம்மா?"

"வருஷம் முடிஞ்சா வெளிய தள்ளிடுவீங்களா?"

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அந்தச் சின்னத் தடுமாற்றத்தைக் கன்னியம்மாள் மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

கணவன் பாவாடை, "போனா போய்ட்டு வரட்டுமே" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். முடிவு செய்தது சந்திரகலாதான். டீச்சர் கையில் இருந்த படம் போட்ட புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவள், திருப்பித் தர மறுத்துவிட்டாள். "நான் எப்ப வேணாலும் வந்து பாப்பேன்" என்ற நிபந்தனையோடு கன்னியம்மாள் அனுப்பிவைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் சந்திரகலாவின் மார்பில் காது கேட்க ஒரு சின்ன மிஷினைக் கட்டி, அதிலிருந்து வயர் இழுத்துக் காதில் மாட்டினார்கள். கன்னியம்மாள் அதைத் தன் காதில் மாட்டிப் பார்த்தாள். கரகரவென்று இரைந்தது. மூளைக்கு ஏதாவது ஆகுமோ என்று இரண்டு நாள் பெண்ணின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போட்டோ எடுக்க ஆள் வந்தானாம். சந்திரகலாவை முன்னால் நிறுத்தி, கையில் பூங்கொத்து கொடுத்தார்களாம். "அப்பவே நெனச்சேன், காட்சி காட்டத்தான் கூப்பிட்டிருக்காங்கோ" என்று பாவாடையிடம் பொருமினாள்.

ஆனால் அவளை உலுக்கியது செல்வாம்பாள் மறுபடியும் வீட்டுக்கு வந்து சொன்ன வார்த்தைதான்.

"வீட்ல கை ஜாடை காட்டாதீங்கம்மா. ஜாடையே பழகிட்டா அவ வாயத் தொறக்க மாட்டா. பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

கன்னியம்மாள் மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தாள். அங்கே இரைச்சலில் பேசினால் பேசுகிறவளுக்கே கேட்காது. அதனால் அங்குள்ள பெண்களுக்குக் கையிலேயே ஒரு பேச்சு உண்டு. இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. உச்சந்தலையில் தொப்பி வைப்பதுபோல் தட்டினால் பெரிய முசே, அதாவது பிரெஞ்சுக்கார மேலதிகாரி, வருகிறார்; பேச்சை நிறுத்து. முசேக்கள் கப்பலேறிப் போய் வருஷம் பல ஆகியும் அந்த ஜாடை போகவில்லை. இந்தப் பேச்சைத்தான் அவள் மகளோடு பேசினாள். சந்திரகலா அதோடு தானாகச் சேர்த்துக்கொண்டவையும் ஏராளம்.

'எங்களுக்குள்ள இருக்கறது இது ஒண்ணுதான். அதயும் புடுங்கப் பாக்குறாங்க' என்று கன்னியம்மாளுக்குத் தோன்றிவிட்டது.

மில்லில் மத்தியான ஷிப்டுக்கு மாறியதும் காலையில் அவளுக்கு இதே வேலையாகப் போயிற்று. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பூவரச மரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். ஒருநாள் டீச்சர் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். சந்திரகலாவின் பக்கத்தில் உட்காரும் அஞ்சலாட்சி, டீச்சர் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டி, முகத்தைக் கோணினாள். பின்பெஞ்சுப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கன்னியம்மாளுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வகுப்புக்குள் புகுந்து அஞ்சலாட்சியின் கையைப் பிடித்தாள். "என் பொண்ணுக்கு அழகு காட்டுறியாடி?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டது. சந்திரகலா எழுந்து அம்மாவின் கையை விலக்கினாள். அவள் கண்ணில் இருந்த கோபத்தைக் கன்னியம்மாள் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு விரலைச் சேர்த்து அம்மாவின் முகத்துக்கு நேரே வெடுக்கென்று பிரித்தாள். நூல் அறுந்துவிட்டது. இங்கே எந்த நூல்? கன்னியம்மாளுக்கு விளங்கவில்லை.

"அவ போட்ட கணக்கு தப்புன்னு டீச்சர் சொன்னாங்க" என்று விசும்பலுக்கு நடுவே சொன்னாள் அஞ்சலாட்சி. "அதத்தான் அவளுக்குச் சொன்னேன். நூலு அறுந்துச்சுன்னா தப்பு. அவதான் கத்துக் குடுத்தா."

"அப்ப அவனுங்க ஏன் சிரிச்சானுங்க?"

"அவ மூஞ்சியக் கோணுனதப் பாத்து..." என்று ஆரம்பித்த ஒரு பையன் சட்டென்று நிறுத்தி உச்சந்தலையில் தட்டிக் காட்டினான். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். பெஞ்சு பெஞ்சாக எல்லாப் பிள்ளைகளும் உச்சந்தலையில் தட்டிவிட்டுக் கப்சிப்பென்று ஆனார்கள். கன்னியம்மாளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அவர் பிரம்பு தட்டிய நாள் நினைவுக்கு வந்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

தலைமையாசிரியரை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, செல்வாம்பாள் அவளை வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தாள்.

"என் உதட்டப் பாத்துதான் பாடத்தப் புரிஞ்சிக்கிறான்னு நெனச்சேன்மா. இது எனக்குத் தெரியவே தெரியாது."

"இப்பத் தெரிஞ்சிபோச்சில்ல. இதயும் நிறுத்தச் சொல்லுவீங்களா?"

டீச்சர் உள்ளே பார்த்தாள். அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சந்திரகலாவிடம் கையால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தச் சொல்லல. வாயும் பழகட்டும், கையும் இருக்கட்டும். மெட்ராஸ்ல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"நான் வந்து பாப்பேன்."

"வாங்க. ஜன்னல்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க. எனக்கும் நாலு ஜாடை கத்துக் குடுங்க."

இதிலும் ஏதாவது இருக்குமோ என்று யோசித்துக்கொண்டேதான் கன்னியம்மாள் போய் உட்கார்ந்தாள். ஊனமுற்றோர் ஆண்டு முடிந்து ஜனவரி பிறந்ததும், பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே வாசலில் போய் நின்றாள். யாரும் சந்திரகலாவை வெளியே தள்ளவில்லை. செல்வாம்பாளை வேறு ஊருக்கு மாற்றியபோது, புதிதாக வந்த வாத்தியார் பெண்ணைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். கன்னியம்மாள் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு நகர மறுத்தாள். மறுநாளே சந்திரகலா பழைய இடத்தில், அஞ்சலாட்சியின் பக்கத்தில் இருந்தாள்.

பத்தாவதில் சந்திரகலா ஒருமுறை தவறி, மறுமுறை தேறினாள். பேச்சில் 'அம்மா'வும் இன்னும் சில சொற்களும் தெளிவாக வந்தன. தொண்ணூற்றிரண்டில் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் வேலைக்கு அவளை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே கன்னியம்மாள் அந்த முதலாளி ராஜாங்கத்தைப் பார்த்து, "காது கேக்காத பொண்ண எதுக்கு எடுக்குறீங்க? எவ்ளோ வேல வாங்குனாலும் எதுத்துப் பேச மாட்டான்னா?" என்று கேட்டிருந்தாள்.

"எதுத்துப் பேசத்தான் நீ இருக்கியேம்மா" என்றார் அவர்.

முதல் நாள் மத்தியானம் வரை எதிரே டீக்கடை ஓரத்தில் நின்றாள். சாப்பாட்டு மணி அடித்ததும் சந்திரகலா இரண்டு பெண்களோடு வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போ என்று கையை வீசினாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசித்தபடியே கன்னியம்மாள் தெருமுனைவரை நடந்தாள். முனை திரும்பியதும், பட்டறை வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.