செத்துப்போற அக்கா

காலை பத்தரைக்குள் அக்கா இரண்டு தடவை செத்துவிட்டார். முதலில் ராஜாவின் சாப்பாட்டை ருசி பார்த்து, விஷம் ஏறி. அடுத்து, தொப்பி செய்யும் கம்பளியில் பாதரசம் தேய்த்துத் தேய்த்து, கைகால் உதறி. ஒவ்வொரு தடவையும் மெத்தையில் தொப்பென்று விழுந்து, "அழாதீங்கடா, இன்னும் சாவு பாக்கி இருக்கு" என்றார். பள்ளிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எங்கள் அருங்காட்சியகத்தில் 'அந்தக் காலத்து ஆபத்தான வேலைகள்' கூடத்துக்கு இவர்தான் வழிகாட்டி. 'செத்துப்போற அக்கா' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வாசலில் டிக்கெட் கிழிக்கும் எனக்கு யாரும் ஒரு பெயரும் வைக்கவில்லை. அந்தப் பொறாமை எனக்கு உண்டு.

காலில் சக்கரம் கட்டியவர். டீ ஆறும்வரை பொறுக்காமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்வார். குளத்தில் நின்று அட்டை பிடித்தவளின் கதையில், "வைத்தியருக்கு அட்டை வேணும், அட்டைக்கு ரத்தம் வேணும், நடுவுல மாட்டினது யாரு? நம்ம காலு!" என்று முன்வரிசை முழங்கால்களைக் கிள்ளுவார். அப்படியே ஜன்னல்வரை போய், மரக்கிளை எவ்வளவு ஆடுகிறதென்று பார்ப்பார். போனைத் தொட்டுப்பார்ப்பார்.

எல்லாம் வீட்டுக்காரரால்தான். அவர் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவர். தரைக்கு வந்ததும் 'இறங்கிட்டேன்' என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே போட்ட ஒப்பந்தம் அது. "இங்க நின்னு 'அதெல்லாம் அந்தக் காலம்'னு அளக்கிறேன். வீட்டுக்குப் போய் அவர் கயித்துல முடிச்சைப் பாக்கிறேன். என் பொழப்பு சிரிப்பா சிரிக்குது" என்பார்.

அன்று காற்று பலம். பத்தே முக்காலுக்கு வர வேண்டிய சேதி பதினொன்றேகாலுக்கும் வரவில்லை. கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிக்கெட் கட்டை வைத்துவிட்டு நான் கூடத்துக்குள் போனேன்.

"பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.

"உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும்ணே."

நாலாவது ஆள், மணிக்கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவன். கயிறு அறுந்து சாக வேண்டியவன். அக்கா நாற்காலிமேல் ஏறினார். கதையில் கயிறு இழை இழையாகப் பிரிந்தது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்புறம்... அப்புறம் என்ன, பத்திரமா இறங்கி வீட்டுக்குப் போயிட்டான்."

கூடமே கொதித்தது. "போங்கு! போங்கு!"

"எங்கண்ணன் போன வருஷம் வந்தப்ப இவன் செத்தானாமே!"

ஒரு வாண்டு எழுந்து நின்று, "அவனைச் சாகடிங்கக்கா!" என்றாள்.

"மாட்டேன்." குரலில் விளையாட்டு இல்லை. "இன்னிக்கு அவன் சாக மாட்டான். என்ன பண்ணுவீங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கும் அவன் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. நாற்காலிமேல் நின்றபடியே படித்தவர், அதை என்னிடம் தூக்கிப் போட்டார்.

'காத்துல மேலயே மாட்டிக்கிட்டோம். இப்பதான் இறங்கினேன். டீ குடிச்சியா?'

"சரி, உங்க ஆசையைக் கெடுப்பானேன்!" என்று பிள்ளைகளிடம் கத்தி, இரண்டு கையையும் விரித்து மெத்தையில் விழுந்தார். கைத்தட்டல் காதைப் பிளந்தது. டீச்சர் வரிசையாக அவர்களை அடுத்த கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, போனைத் தரச் சொல்லி விரல்களை ஆட்டினார்.