என் மகளின் பிரசவமும் நான் கீழே போட்ட கையும்

"கர்ப்பத்துல வர்ற சர்க்கரை இது" என்று டாக்டரம்மா சொன்னபோது என் மகள் எஸ்தர் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப ஆபரேஷன்தானா டாக்டர்?"

அதைக் கேட்டு நான்தான் உடைந்துபோனேன். அவளுடைய அம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்கென்று உள்ளே போனவள். திரும்பி நடந்து வரவில்லை. எஸ்தர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. அன்றிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் என்று யாராவது பேச்செடுத்தாலே அவளுக்குக் கை சில்லிட்டுப் போகும்.

சாட்சி சொல்ல நிற்கும் என்னை இந்தச் சபையில் தெரியாதவர்கள் குறைவு. இருந்தாலும் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு மூட்டை தூக்க வந்தேன். இன்றைக்கு என் பெயரில் நான்கு கிரேன் ஓடுகிறது. புதுவாயல் கூட்டு ரோட்டில் நின்று கிரேன்காரர் வீடு எது என்று கேட்டால் டீக்கடைக்காரர் எழுந்து வந்து காட்டுவார். பெரிய இயந்திரம் வந்தால் படித்த என்ஜினியர்களே என்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் லாரியை உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு கிரேனும் உபவாசம் இருந்து வாங்கியது. நான் கேட்டு ஆண்டவர் தராதது ஒன்றே ஒன்றுதான். என் மனைவியின் உயிர்.

டாக்டரம்மா நல்லவர். "இப்பவே யாரும் ஆபரேஷன்னு சொல்லலம்மா. சர்க்கரை கட்டுல இருந்து, குழந்தை ரொம்பப் பெருசாகாம இருந்தா நார்மலுக்கே பார்ப்போம். ஆனா தேதி தாண்ட விடமாட்டேன். வலி வரலைன்னா மருந்து குடுத்து வரவைப்போம். ஆபத்துன்னா தியேட்டர்தான். அதுக்கும் மனசத் தயார் பண்ணிக்கோங்க" என்றார். சாப்பாட்டை அளந்து சொன்னார். ஊசியும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்தோம். மணவாள நகரிலிருந்து சம்பந்தியம்மா தூக்கு நிறைய அதிரசத்தோடு வந்து இறங்கினார். வயிற்றுப்பிள்ளைக்காரி வாயைக் கட்டக் கூடாதாம். மாப்பிள்ளை செல்போனில் வந்த வைத்தியத்தையெல்லாம் எடுத்துக் காட்டினார். நான் இரண்டு பேரையும் அடக்கினேன். "வீடு மொத்தமும் மூணு நாள் உபவாசம். எஸ்தரும்தான்" என்று அறிவித்தேன்.

எஸ்தர் என்னையே பார்த்தாள். "நைனா, ஊசி போட்டுக்கினு பட்டினி கெடந்தா நான் மயங்கி வுழுந்துருவேன்."

"விசுவாசம் இருந்தா ஒண்ணும் ஆவாது."

"கிரேன் லோடு தூக்கும்போது கீழ நின்னு டிரைவருக்கு எத்தினி பேரு கை காட்டுவாங்க?"

"ஒருத்தன்தான். ரெண்டு பேரு காட்டுனா லோடு ஆள் மேல வுழும். இது இன்னா கேள்வி?"

"இங்க இன்னா நடக்குது? அத்தை ஒரு கை, அவரு ஒரு கை, நீ ஒரு கை. லோடு நான்தான நைனா? டாக்டரம்மா கை காட்டட்டும். நீங்கல்லாம் கொஞ்சம் கையக் கீழ போடுங்க."

சம்பந்தியம்மா தூக்கை மூடினார். "நீ பொண்ணு பெக்கல அண்ணா, சூப்பர்வைசரப் பெத்துக்கீற" என்றார்.

அந்த மூன்று நாள் பட்டினியை நான் கைவிட்டேன். அன்றிலிருந்து என் உபவாசம் மாறியது. அவள் தட்டில் என்ன இருக்கிறதோ அதுவே என் தட்டிலும். கொஞ்சம் சோறு, நிறையக் காய், முட்டை, சுண்டல். டீயில் சர்க்கரை கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் நடப்போம். என் டிரைவர் ஒருவன் கிரேனில் உட்கார்ந்தபடி, "இன்னா மொதலாளி, உங்களுக்கும் மாசமா?" என்று கேட்டான். "ஆமாண்டா, ஏழாவது" என்றேன்.

விரலைக் குத்திப் பார்க்கும்போது சில நாள் சர்க்கரை ஏறியிருக்கும். டாக்டரம்மா ஊசியைக் கூட்டுவார். அதனால் எங்கள் விசுவாசம் குறையவில்லை. நடக்கும்போதெல்லாம் நான் ஒரே ஜெபம்தான் செய்தேன். ஆண்டவரே, கத்தி படக் கூடாது, நார்மல்தான் வேண்டும்.

வலி வரவைக்க மறுநாள் சேர்க்க வேண்டும் என்றிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடக்கும்போதே அவளுக்குத் தானாக வலி வந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாலையில் டாக்டரம்மா பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தார். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி இறங்கி ஏறுகிறது, கொஞ்ச நேரம் பார்ப்போம், சரியாகாவிட்டால் தியேட்டர் என்றார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

ஒரு நிமிஷம் பார்க்க விட்டார்கள். எஸ்தர் வியர்த்துக் கிடந்தாள்.

"நைனா, இன்னா கேட்டுக்கினு கீற ஜெபத்துல?"

"நார்மல்தாம்மா."

"அத வுடு. புள்ள நல்லாருக்கணும்னு மட்டும் கேளு. தியேட்டருன்னா நான் போறேன்."

அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இல்லை. சூடாக இருந்தது.

வெளியே வந்து சுவரோரம் முழங்கால் போட்டேன். அவள் அம்மா போன நாளிலிருந்து ஆண்டவருக்கே நான் கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. மேலே தூக்கு, இந்தப் பக்கம் திருப்பு, இங்கே இறக்கு என்று. நிஜமாகவே இரண்டு கையையும் கீழே போட்டேன். "நீரே கை காட்டும். எந்த வழியாக இறக்கினாலும் சரி. தாயும் பிள்ளையும் பத்திரமாகத் தரை தொடட்டும்" என்றேன்.

உள்ளே அவளை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறார்கள். துடிப்பு மெல்ல நிலைக்கு வந்தது. இருட்டுவதற்குள் பெண் பிள்ளை, சுகப்பிரசவம். பிள்ளையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது. எஸ்தருக்கும் பிறகு சரியாகிவிட்டது. வருஷா வருஷம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம். பேத்திக்கு என் மனைவியின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

தியேட்டர் வழியாக வந்திருந்தாலும் இதே நன்றியோடுதான் இங்கே நின்றிருப்பேன். என் மகள் கையின் சூட்டிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இந்தச் சர்க்கரை வந்தால் பட்டினி போடாதீர்கள், திணிக்கவும் செய்யாதீர்கள். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அவளோடு உட்கார்ந்து அவள் சாப்பாட்டையே சாப்பிடுங்கள். ஜெபியுங்கள்.

டன் டன்னாக எடையை நூல் பிசகாமல் இறக்கியவன் நான். இந்த வட்டாரத்தில் என்னைப் போல இறக்க ஆள் கிடையாது. ஆனால் அன்று அவர் இறக்கியது மூன்றே கிலோ. அவ்வளவு மெதுவாக இறக்க எனக்கு வராது. நீங்களும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, கையைக் கீழே போட்டுப் பாருங்கள்.