அத்தை சொன்ன பதில்

ராணுவத்தில் இருக்கும் என் கணவர் விடுப்பில் சிதம்பரம் வந்திருந்தார். போனை உடனே எடுக்கவில்லை என்று என்னைச் சுவரில் மோதிக் கழுத்தை நெரித்தார். அவருடைய அம்மா, என் அத்தை, அவர் கையைக் கடித்த பிறகுதான் விட்டார். எல்லையில் பட்ட கஷ்டம்தான் அவரை இப்படி ஆக்கிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று அத்தையுடன் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "படியில விழுந்துட்டேன்" என்றேன்.

டாக்டரம்மா என் கழுத்தையே பார்த்தார். "கழுத்தப் புடிச்சாராம்மா? அப்படிப் புடிக்கிறவங்க அடுத்த தடவ கொன்னுடலாம்."

நான் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டேன்.

"புடிச்சான் மேடம்" என்றார் அத்தை. "பெத்தவ நானே சொல்றேன், போலீஸக் கூப்புடுங்க. இவள அங்க அனுப்பாதீங்க."

கணவர் கைதானார். நானும் அத்தையும் இப்போது கடலூரில் ஒன்றாக இருக்கிறோம். சில நாள் மகனை நினைத்து அழுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.