தாண்டும்போது மட்டும் பார்க்கலாம்

என் தங்கை அயர்லாந்துக்கு டாக்டருக்குப் படிக்கப் போனாள். படிப்பை முடித்த கையோடு ஒரு வெள்ளைக்காரரையும் முடிவு செய்துகொண்டு மலேசியாவில் எங்கள் ஊரான அசாம் ஜாவாவில் வந்து இறங்கினாள். அப்பா நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாதா கோயிலுக்குப் போகிற குடும்பமா என்று கேட்டார். போகிறார்கள் என்றாள். என்ன தொழில் என்று கேட்டார். குதிரை வளர்க்கிறார்கள் என்றாள். அதோடு பேச்சு நின்றது.

எங்கள் வீட்டில் குதிரை என்பது கெட்ட வார்த்தை. எஸ்டேட்டில் லோரி ஓட்டிய காலத்தில் அப்பா சனி, ஞாயிறு முழுக்க ரேஸ் பேப்பரும் கையுமாகத்தான் இருப்பார். ஒருநாள் அம்மா அவரைக் கோயிலுக்கு இழுத்துப்போய், மாதா சுரூபத்தின் முன்னால் நிறுத்தி, இனிமேல் குதிரை ஓடுவதைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டார். அப்பா அதை மீறியதே இல்லை. டிவியில் ராஜா படம் ஓடினால்கூட, குதிரை வந்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

"குதிரைக்காரன் வாயில நெசமே வராது. நான் பாக்காத குதிரைக்காரனா?" என்பது அவருடைய கட்சி.

தங்கையோடு வந்தவர் நல்ல உயரம். பக்கத்துச் சுங்கை புரோங் நெல்வயலைப் பார்க்கப் போய், இரண்டே மணி நேரத்தில் வெந்த இறால் நிறத்தில் திரும்பினார். அம்மா அவர் கழுத்தில் தயிர் தடவிவிட்டார். அம்மா கட்சி மாறிவிட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அது பாரிஸ் ஒலிம்பிக் நடந்த சமயம். அவர்கள் வீட்டு லாயத்தில் பிறந்த குதிரை ஒன்று, சின்ன வயதிலேயே வேறு நாட்டுக்கு விற்கப்பட்டு, அந்த நாட்டுக் கொடியோடு தடை தாண்டும் போட்டியில் இறங்கியிருந்தது. அயர்லாந்துக் குதிரைகள் பலவற்றுக்கு அப்படித்தானாம். பிறப்பது அங்கே, தாண்டுவது அடுத்தவர்களுக்காக. "பொம்பளப் புள்ள மாதிரிதான்" என்று அம்மா பெருமூச்சு விட்டார்.

நம் ஊர் நேரம் மாலை நான்குக்குப் போட்டி. தங்கை அப்பாவிடம் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு தடவ பாருங்கப்பா. இது ரேஸ் இல்ல லா."

"குதிரை ஓடுதா, இல்லியா?"

"ஓடுது."

"அப்ப பாக்க மாட்டேன்."

நான் நடுவில் புகுந்தேன். "ஓடறதத்தானேப்பா பாக்க மாட்டேன்னு சொன்னீங்க? தாண்டறதப் பத்தி மாதாகிட்ட ஒண்ணும் பேசலியே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நிஜமாகவே யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "தாண்டறப்ப மட்டும் பாத்துக்குங்க. கால் தரையில பட்டதும் கண்ண மூடிக்கணும்."

இப்படியாக அப்பா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "இப்ப!" என்றும் "மூடுங்க!" என்றும் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. பச்சைக் கோட்டு போட்ட அயர்லாந்து வீரர் ஒருவர் வந்தபோது, எங்கள் விருந்தாளி டிவி முன்னால் எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து நான் வேண்டுமென்றே தாமதமாக "மூடுங்க" என்றேன். நாலு எட்டு ஓட்டத்தைப் பார்த்துவிட்ட அப்பா பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா என் தலையில் குட்டினார்.

நாலைந்து குதிரைகள் போனதும் அப்பாவுக்குப் பழைய சூடு ஏறிவிட்டது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இவங்க குதிரை ஒரு கட்டகூட தள்ளாம வரட்டும். கல்யாணத்துக்கு நான் சரிங்கறேன். தள்ளுச்சுன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்றணும்."

"பொண்ண வெச்சு ரேஸ் கட்டுறீங்களா?" என்று அம்மா கத்தினார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா கட்டிய பந்தயத்தை அவள் ஆங்கிலத்தில் சொல்ல, விருந்தாளி சரியென்று தலையை ஆட்டினார். எனக்கு அப்பாவின் மேல் பயங்கரக் கோபம் வந்தது.

குதிரை வந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. "இப்ப!" தாண்டியது. "மூடுங்க!" மறுபடி "இப்ப!" ஒன்றுகூட விழவில்லை. தங்கை என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கடைசித் தடை. "இப்ப!" அப்பா கண்ணைத் திறந்தார். குதிரை அந்தரத்தில் அழகாக நின்றது. "மூடுங்க!"

அப்பா மூடிய பிறகுதான் பின்னங்கால் உரசிய கட்டை இரண்டு தரம் ஆடிக் கீழே விழுந்தது. கூட்டம் "ஓ" என்றது.

அப்பா கண்ணைத் திறக்காமல், விருந்தாளி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஃபால் டவுன் ஆ?"

தங்கை அவரைக் கெஞ்சுவதுபோல் பார்த்தாள். அவர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்பாவிடம், "யெஸ், அங்கிள். லாஸ்ட் ஒன்" என்றார். முகம் இறால் நிறத்திலிருந்து சுண்ணாம்பாகியிருந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். டிவியில் குதிரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"அத்தன வருசமா ஒவ்வொருத்தனும் மழ பேஞ்சுச்சு, ஜாக்கி சரியில்லன்னு கத விட்டானுங்க" என்றார் அம்மாவிடம். "இவன் ஒருத்தன்தான் விழுந்துச்சுன்னு சொல்றான். ஃபாதர்கிட்ட தேதி கேளு."

தங்கை அழுதாள். அம்மா அழுதார். நான் மட்டும் முறுக்கிக்கொண்டேன். "நான்தானே இவ்வளவு நேரமும் பாத்துச் சொல்லிட்டு இருந்தேன்? என்ன ஏம்பா கேக்கல?"

"ஒன்னக் கேட்டிருந்தா, விழலன்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன்.